ஐந்து முறை விழுந்தவருக்கு ஆறாம் முறையும் உண்டு!

கார்த்திகை பிறந்ததும் நம் கடைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களில் பலர் கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வருகிறார்கள். நேற்று வரை தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் வாங்கியவர் இன்று கற்பூரமும் நெய்யும் வாங்கிக்கொண்டு போகிறார். 41 நாள் விரதம். அந்த நாட்களில் அவர் கை சிகரெட் பக்கம் போவதில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே, பழையபடி கடை வாசலில் வந்து நிற்கிறார். "வழக்கமானதைக் கொடுங்க அண்ணாச்சி" என்கிறார்.

ரமலான் மாதத்தில் இஸ்லாமிய அன்பர்கள் விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு இருக்கிறார்கள். நாளெல்லாம் புகையை நினைக்காமல் இருந்தவர்களில் சிலர், நோன்பு திறந்ததும் அதைத் தேடிப் போகிறார்கள். தவக்காலத்தில் நாற்பது நாள் விட்டுவிட்டு ஈஸ்டருக்குப் பிறகு மறுபடி தொடங்கும் கிறிஸ்தவ அன்பர்களும் உண்டு. ஜனவரி முதல் தேதி விட்டு, பொங்கலுக்குள் பிடித்துவிடுபவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இப்படி விட்டவர் மறுபடி தொடங்குவதை முதலில் அறிபவர் யார்? மனைவி அல்ல, பெற்றோர் அல்ல, மருத்துவரும் அல்ல. கடைக்காரர்தான். அந்த முதல் பாக்கெட் நம் கையிலிருந்துதான் போகிறது. அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு வார்த்தை அவரைத் தூக்கியும் விடலாம், அழுத்தியும் விடலாம். ஆகவே, புகையை விட முயன்று மீண்டும் மீண்டும் விழும் மனிதருக்கு எப்படித் துணை நிற்பது என்பதை நம் வணிகப் பெருமக்கள் அறிந்திருப்பது அவசியம் என்று கருதுகிறோம். அந்த மனிதர் நம் வாடிக்கையாளராக இருக்கலாம், நம் கடை ஊழியராக இருக்கலாம், நம் பங்காளியாக இருக்கலாம். இதைப் படிக்கும் தாங்களாகவும் இருக்கலாம்.

மாலை போட்டவருக்கு ஊரே துணை

41 நாள் விட முடிந்தவருக்கு 42-ம் நாள் ஏன் முடியவில்லை? "மன உறுதி இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். 41 நாள் இருந்த மன உறுதி ஒரே இரவில் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

விரத நாட்களை நினைத்துப் பாருங்கள். அவர் விடியற்காலையில் எழுந்து குளிக்கிறார். உடை மாறுகிறது, உணவு மாறுகிறது, மாலையில் பஜனைக்குப் போகிறார். நேற்று வரை "என்னடா மாப்ளே" என்றவன் இன்று "சாமி" என்கிறான். டீக்கடையில் யாரும் அவரிடம் சிகரெட் நீட்டுவதில்லை. கூடப் புகைத்த நண்பனே தள்ளிப் போய் நின்று பிடிக்கிறான். வீட்டில் அவர் பொருட்டு எல்லோரும் சுத்தமாக இருக்கிறார்கள். ஊரே சேர்ந்து அவரைத் தாங்குகிறது.

மாலையைக் கழற்றியதும் அத்தனையும் போய்விடுகிறது. சாமி மறுபடி மாப்பிள்ளை ஆகிவிடுகிறார். டீக்கடையில் சிகரெட் நீளுகிறது. "விரதம்தான் முடிஞ்சுதே, ஒண்ணு பிடி" என்கிறார்கள். அவர் தனியாள். அவரிடம் குறைந்தது உறுதி என்பதைவிட, அவரைச் சுற்றியிருந்த துணை குறைந்தது என்பதே சரி. மாலை இல்லாத நாட்களிலும் அந்தத் துணையில் கொஞ்சத்தையாவது கொடுக்க முடிந்தால் விழுந்தவர் எழுவார். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

உடம்பு கேட்கும் கூலி

புகையிலையில் உள்ள நிகோடின், புகையை இழுத்த 10 முதல் 20 வினாடிகளுக்குள் மூளையை அடைந்துவிடுகிறது. அங்கே போய் ஒரு சிறு நிம்மதியைக் கொடுக்கிறது. இரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய உடம்பு அடுத்த கூலியைக் கேட்கிறது. 1 மணிக்கு ஒருமுறை கடையை விட்டு எழுந்து போகிறவர் தம் விருப்பத்துக்காகப் போகிறார் என்று நினைக்கிறோம். உண்மையில் உடம்பு அவரை வட்டி வசூலுக்குத் துரத்துகிறது.

நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே எரிச்சல், பரபரப்பு, கவனக் குறைவு, தூக்கக் கேடு, அதிகப் பசி எல்லாம் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். துணையின்றித் தாமாக விடுபவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே மறுபடி பிடித்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆக, அந்த முதல் வாரம்தான் சோதனை வாரம். அந்த வாரத்தில் ஊழியர் சிடுசிடுத்தால், கணக்கில் ஒரு தடவை தப்பினால், முதலாளி சற்றுப் பொறுத்துப் போவது பெரிய உதவி.

நம் ஆட்கள் வெளியே சொல்லக் கூச்சப்படும் காரணம் ஒன்றும் உண்டு. "காலையில் ஒரு பீடி பிடித்தால்தான் வயிறு இளகுகிறது" என்பார்கள். இது கற்பனை அல்ல. நிகோடின் குடலைத் தூண்டுவதால், நிறுத்தியதும் சிலருக்கு மலச்சிக்கல் வருகிறது. காலையில் வெந்நீர், வாழைப்பழம், கீரை, கொஞ்சம் நடை ஆகியவற்றால் சில வாரங்களில் சரியாகிவிடும். இது தெரியாமல், மூன்றாம் நாள் வயிற்று உபாதைக்காகவே மறுபடி பீடி எடுப்பவர்கள் உண்டு.

இன்னொன்று, டீயும் காப்பியும். புகைப்பவர் உடம்பு காப்பியிலுள்ள கஃபீனை வேகமாகக் கழிக்கிறது. புகையை நிறுத்தினால் அந்த வேகம் குறைகிறது. அதே ஐந்து டீ இப்போது படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கும். அதை "சிகரெட் இல்லாததால் வந்த நடுக்கம்" என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார்கள். விடும் நாட்களில் டீயைப் பாதியாகக் குறைப்பது நல்லது. டீயும் புகையும் பல காலமாகச் சேர்ந்தே போனவை என்பதால் அதுவும் ஓர் ஆதாயம்.

எத்தனை முறை விழுந்தால் தோல்வி?

2016-17-ம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட உலகப் புகையிலைப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். தமிழ்நாட்டில் இது 20 சதவீதம். இந்தியாவில் புகைப்பவர்களில் 55 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விடும் எண்ணத்தில் இருந்தனர். 38.5 சதவீதம் பேர் அதற்கு முந்திய 12 மாதங்களில் ஒருமுறையாவது விட முயன்றிருந்தனர். நம் கடை வாசலில் நின்று பற்ற வைப்பவர்களில் பாதிப் பேர் உள்ளூர அதை வெறுக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, ஒருவர் முழுமையாக விடுவதற்குள் சராசரியாக 30 அல்லது அதற்கு மேற்பட்ட முயற்சிகள்கூடத் தேவைப்படலாம் என்று மதிப்பிட்டது. துணையோ மருந்தோ இன்றித் தாமாக விட முயல்பவர்களில், ஒரு முயற்சியில் ஆறு மாதம், ஓராண்டு தாண்டி நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன.

இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். இதை மறுபக்கமாகப் பார்க்க வேண்டும். ஐந்து முறை விழுந்தவர் ஏதோ தனிப்பட்ட கோழை அல்ல. எல்லோரும் போகும் பாதையில்தான் அவரும் போகிறார். இன்று புகையை விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். முதல் முறையிலேயே விட்டவர்கள் சிலர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் விழுந்து எழுந்தவர்களே.

ஒருவரின் ஐந்து முயற்சிகளைக் கணக்காக எழுதிப் பார்ப்போம். முதல் முறை 3 நாள். இரண்டாம் முறை 10 நாள். மாலை போட்டு 41 நாள். அடுத்து 6 நாள். கடைசியாக 40 நாள். மொத்தம் 100 நாள். தினம் 10 சிகரெட் பிடிப்பவர் என்றால் 1,000 சிகரெட் அவர் நுரையீரலுக்குள் போகவில்லை. தினம் 100 ரூபாய் செலவழிப்பவர் என்றால் 10,000 ரூபாய் மிச்சம். இந்த வரவை ஒருவரும் எழுதுவதில்லை. "அஞ்சு தடவை விட்டான், அஞ்சு தடவையும் பிடிச்சான்" என்று பற்றுப் பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேட்டை எந்த வணிகரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு நாள் நட்டத்துக்குக் கடையை மூடுவதா?

அமெரிக்க உளவியல் அறிஞர் ஆலன் மார்லட் என்பவர் பழக்கங்களிலிருந்து மீள்வோரைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். 1985-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையில் முக்கியமானது. சறுக்கல் வேறு, பழைய நிலைக்கே திரும்பிவிடுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். ஒரு சிகரெட் பிடித்தது சறுக்கல். அதைப் பிடித்த பிறகு "எல்லாம் போச்சு, நான் லாயக்கில்லாதவன், இனி எதுக்கு" என்று நினைக்கிறாரே, அந்த நினைப்புதான் அவரை முழுவதுமாகக் கீழே தள்ளுகிறது.

வியாபாரத்தில் இது நமக்குப் புதிதல்ல. ஒரு நாள் விற்பனை படுத்துவிட்டது என்பதற்காகக் கடையை இழுத்து மூடிவிட்டு ஊருக்குப் போகிறோமா? ஒரு மூட்டைப் பருப்பில் வண்டு விழுந்தால் குடோனைக் கொளுத்துகிறோமா? அந்த மூட்டையை ஒதுக்கிவிட்டு, ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்து, மறுநாள் வழக்கம்போல் கடை திறக்கிறோம். புகையிலும் அதுவே. ஒன்றைப் பிடித்துவிட்டவர் மீதி 9 சிகரெட்டை அங்கேயே நசுக்கிப் போட்டுவிட்டு, அந்த நிமிடத்திலிருந்தே தொடரலாம். திங்கட்கிழமை வரை, முதல் தேதி வரை, அடுத்த கார்த்திகை வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சறுக்கலை மன்னிக்கலாம் என்றால், "தினம் ஒன்றே ஒன்று" என்று வைத்துக்கொள்ளலாம் என்று பொருள் அல்ல. 2018-ம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி, தினம் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இருக்கிறது. சிகரெட்டை விட்டுப் பீடிக்கு மாறுவதும் விடுதலை அல்ல. இலையில் சுற்றியிருப்பதால் பீடி சாது என்று நினைப்பது தவறு. ஹான்ஸ், குட்கா என்று வாய்க்குள் மாற்றிக்கொள்வது புகையைப் புற்றுநோய்க்கு வேறு வாசல் வழியாக அனுப்புவதே. மின்சிகரெட் 2019-ம் ஆண்டிலேயே நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது.

கடைக்காரரே புகைப்பவராக இருந்தால்

அலுவலகத்துக்குப் போகிறவருக்குச் சிகரெட் வேண்டுமென்றால் இடத்தை விட்டு எழ வேண்டும். நம் மளிகைக் கடைக்காரருக்கோ கை நீட்டினால் போதும். காலை 5 மணிக்கு ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு 10 மணிக்குக் கல்லா எண்ணும் வரை, விட வேண்டிய சரக்கை முதுகுக்குப் பின்னால் அடுக்கி வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். மிட்டாய்க் கடையில் உட்கார்ந்து சர்க்கரை வியாதிக்குப் பத்தியம் இருப்பது போன்றது அவர் பாடு. அவர் விழுந்தால் ஆச்சரியமில்லை. அவர் மூன்று நாள் நின்றாலே பெரிய காரியம்.

இப்படிப்பட்டவர் ஒவ்வொரு சறுக்கலையும் சிட்டையில் எழுதி வைப்பது நல்லது. எந்த நேரம், யார் கூட இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது என்ற மூன்று விவரம் போதும். நாலைந்து வரி சேர்ந்ததும் உண்மை தெரியும். ஒருவருக்கு மொத்தக் கொள்முதலுக்குப் போய் லாரி ஷெட்டில் காத்திருக்கும் நேரமாக இருக்கும். ஒருவருக்குப் பாக்கி வசூலுக்கு ஆள் வந்து போன பிறகாக இருக்கும். ஒருவருக்கு மதியச் சாப்பாடு முடிந்த 5 நிமிடமாக இருக்கும். இன்னொருவருக்கு இரவில் கணக்கு இடிக்கும்போது. அந்த ஓர் ஓட்டையை அடைத்தால் பாதி வேலை முடிந்தது. சாப்பிட்டதும் நாலு ஏலக்காயோ சோம்போ வாயில் போட்டுக்கொள்ளலாம். லாரி ஷெட்டுக்குப் புகைக்காத ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். வசூல்காரர் போனதும் எழுந்து மூட்டைகளை ஒரு சுற்று பார்த்து வரலாம். ஆசை எழுந்தால் அது சில நிமிடங்களில் தானாக இறங்கும். ஐந்து நிமிடத்தைக் கடத்தினால் அந்த அலை போய்விடும். அடுத்தது வரும்போது அடுத்த ஐந்து நிமிடத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

சிகரெட் அடுக்கைக் கையெட்டும் தூரத்திலிருந்து நகர்த்தி, அந்த விற்பனையை வேறு ஊழியர் பொறுப்பில் விடலாம். அந்த ஊழியர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். விடும் முதல் மாதம் மட்டுமாவது அந்தச் சரக்கையே நிறுத்திவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கடைக்குள் புகைப்பதை எப்படியும் நிறுத்தியாக வேண்டும். உணவுப் பொருளைக் கையாளும் இடத்தில் புகைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. சாக்கும் கற்பூரமும் எண்ணெயும் தீப்பெட்டியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நம் கடைகளுக்கு அது உயிர்ப் பாதுகாப்பும் ஆகும்.

என்ன சொல்லக் கூடாது, என்ன சொல்லலாம்?

விட்டவர் மறுபடி வந்து கேட்கும்போது கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது: "என்ன மாமா, விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க? பத்து நாள்கூடத் தாங்கலையே!" பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார். ஆனால் அடுத்த முறை விடும்போது யாரிடமும் சொல்ல மாட்டார். சொல்லாமல் விடுபவருக்குத் துணை கிடைக்காது. துணை இல்லாமல் விடுபவர் சீக்கிரம் விழுவார். ஒரு கிண்டல் இத்தனை தூரம் போகிறது.

அதற்குப் பதிலாகத் தணிந்த குரலில், மற்றவர் காதில் விழாமல், "பத்து நாள் இருந்தீங்களே மாமா, போன தடவை நாலு நாள்தானே? இந்தத் தடவை எங்கே சறுக்குச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்வியில் பழி இல்லை, விசாரிப்பு இருக்கிறது. அவர் யோசிப்பார். "மச்சான் கல்யாணத்துல எல்லாரும் பிடிச்சாங்க" என்று பதில் வரும். அடுத்த கல்யாணத்துக்கு முன் அவர் தயாராக இருப்பார்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். சட்டைப் பையைச் சோதிப்பது, பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது ஆகியவற்றால் நடப்பது ஒன்றுதான்: மனிதர் ஒளித்துப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார். ஒளிக்கத் தொடங்கியவருக்கு உதவவே முடியாது. "இன்னிக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன்" என்று வீட்டில் பயமின்றிச் சொல்ல முடிகிற மனிதர்தான் சீக்கிரம் எழுவார். கோபம் வருவது இயல்பு. அதை மருத்துவச் செலவை நினைத்து வரும் பயம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். "நீங்க இல்லாம இந்தக் கடையை நான் எப்படி நடத்துவேன்?" என்ற ஒரு கேள்வி நூறு திட்டுக்குச் சமம்.

முதலாளிமார் ஊழியரிடம், "வேலை நேரத்தில் நாலு தடவை வெளியே போகிறாய்" என்று கடிந்துகொள்வதைவிட, "இந்த வாரம் விடுறியா? காலையில வெளிச்சுமை வேலைக்கு உன்னை அனுப்பலை, உள்ளேயே இரு. ஒரு வாரம் தாண்டு, பார்க்கலாம்" என்று சொன்னால் பலன் உண்டு. வாரக் கூலியில் புகைக்குப் போகும் பணத்தை அவர் சம்மதத்தோடு தனி டப்பாவில் போட்டு வைத்து, மாதக் கடைசியில் அவர் கையில் எண்ணிக் கொடுக்கலாம். எண்ணிப் பார்த்த பணம் பேசும்.

கல்லாவுக்கு இந்தப் பக்கம்

விடுவதாகச் சொன்ன வாடிக்கையாளர் வந்தால், அவர் கேட்கும் முன்பே வழக்கமான பாக்கெட்டை எடுத்து வைப்பது பலருக்குக் கைப்பழக்கம். அந்தக் கை சற்று நிற்கட்டும். அவர் வாயால் கேட்கட்டும். பல சமயம் அவர் கேட்காமலே போய்விடுவார். சில்லறை பாக்கிக்குச் சிகரெட் கொடுப்பதும், சிகரெட்டுக்குக் கடன் கணக்கு வைப்பதும் வேண்டாம். கடை முகப்பில் தீ மூட்டும் கயிறோ லைட்டரோ தொங்கவிட வேண்டாம். பொது இடங்களில் புகைக்க உதவும் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் ஆகியவற்றை வைக்கக் கூடாது என்று 2008-ம் ஆண்டு விதிகளும் கூறுகின்றன.

2003-ம் ஆண்டு சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது. "அப்பா வாங்கி வரச் சொன்னார்" என்று வரும் சிறுவனைத் திருப்பி அனுப்புவது சட்டத்தைக் காப்பது மட்டுமல்ல. அந்த அப்பா விட முயன்றுகொண்டிருப்பவராக இருந்தால், தானே எழுந்து வர வேண்டிய அந்தப் பத்து நிமிடத்தில் ஆசை இறங்கிவிட வாய்ப்பிருக்கிறது.

வியாபாரம் கெடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிகரெட் வேகமாக ஓடும் சரக்கு, ஆளைக் கடைக்கு இழுக்கும் சரக்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதில் நிற்கும் லாபம் எவ்வளவு மெல்லியது என்பது அதை விற்பவருக்குத் தெரியும். மாதா மாதம் அரிசி, பருப்பு, எண்ணெய், தீபாவளிச் சரக்கு, பொங்கல் சரக்கு என்று ஒரு குடும்பம் நம்மிடம் வாங்குகிறது. அந்தக் குடும்பத் தலைவர் 52 வயதில் மாரடைப்பில் போனால், அந்த வீட்டு மாதக் கணக்கு என்ன ஆகும்? கடன் பாக்கி ஒருபுறம் இருக்கட்டும். அந்த வீட்டு அடுப்பு என்ன ஆகும்? நம் வகையில் பார்த்தால் பொறுப்பு இன்னும் பெரிது. தனியாள் நடத்தும் கடைகளில் பாக்கி விவரம், மொத்த வியாபாரியிடம் உள்ள நாணயம், எந்தச் சரக்கு எங்கே மலிவு என்ற அனுபவம் எல்லாம் முதலாளி தலைக்குள் இருக்கிறது. அவர் போனால் சரக்கு இருக்கும், கடை இருக்காது.

மருந்தும் உண்டு, தொலைபேசியும் உண்டு

விரதத்தில் விட்டதைப் போல மன உறுதியால் மட்டும்தான் விட வேண்டும் என்று கட்டாயமில்லை. நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை போன்றவை ஆசையைத் தணித்து, வெற்றி வாய்ப்பை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ம் ஆண்டிலேயே இவற்றை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. இந்தச் சூயிங்கம்மைச் சாதாரண சூயிங்கம் போலத் தொடர்ந்து மெல்லக் கூடாது. காரம் தெரியும் வரை மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் அடக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். டீ குடித்த கையோடு போட்டால் சரியாக ஏறாது. கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். போன முறை இதைப் போட்டும் பயனில்லை என்பவர்களில் பலர் மென்று விழுங்கியவர்களே. மருத்துவர் சீட்டோடு தரப்படும் மாத்திரைகளும் உள்ளன. இதய நோய், வலிப்பு, கர்ப்பம், வேறு மருந்துகள் என்று எது இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

மத்திய அரசு 2016-ம் ஆண்டில் தொடங்கிய புகையிலை நிறுத்த உதவித் தொலைபேசி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். விடும் தேதியைக் குறிக்கவும், விழுந்த பிறகு மறுபடி எழவும் வழி சொல்கிறார்கள். இந்த எண்ணைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2018-ம் ஆண்டு செப்டம்பர் முதல் சிகரெட், பீடிக் கட்டுகளின் மேலேயே எச்சரிக்கைப் படத்தோடு அச்சிடப்பட்டு வருகிறது. நம் அலமாரியிலேயே நூற்றுக்கணக்கில் இருக்கிறது. பாக்கெட்டை நீட்டும்போது அந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

வயதாகிவிட்டது என்பவருக்கு

"நாற்பது வருஷப் பழக்கம், இனி விட்டு என்ன?" என்பவர்கள் உண்டு. பிரிட்டனில் ரிச்சர்ட் டால் என்ற மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 1951-ம் ஆண்டு தொடங்கி 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2004-ம் ஆண்டில் வெளியான முடிவு இது: 30 வயதில் விட்டவருக்கு ஏறக்குறைய 10 ஆண்டு ஆயுள் மீண்டது. 40 வயதில் விட்டவருக்கு 9 ஆண்டு, 50 வயதில் விட்டவருக்கு 6 ஆண்டு. 60 வயதில் விட்டவருக்கும் 3 ஆண்டு கிடைத்தது. மூன்று ஆண்டு என்பது சாதாரணமா? ஒரு பேரன் பள்ளியில் சேர்வதைப் பார்க்கலாம். மகன் கையில் கணக்கை ஒழுங்காக ஒப்படைக்கலாம்.

புகையை நிறுத்திய 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு தணிகிறது. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வருகிறது. ஓராண்டில் கூடுதல் இதய நோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது. எத்தனையாவது முயற்சி என்று உடம்பு கேட்பதில்லை. ஆறாம் முறை விட்டவருக்கும் முதல் முறை விட்டவருக்குக் கொடுப்பதையே அது கொடுக்கிறது.

வணிகப் பெருமக்களே! ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை நாம் சந்தையில் தினமும் பார்க்கிறோம். சரக்கில் நட்டப்பட்டவருக்குத் தவணை கொடுத்து, மறுபடி கை தூக்கிவிட்டு, அவரை நிமிரவைத்த பெருமை நம் வணிகத்துக்கு உண்டு. அதே தவணையைப் புகையோடு போராடுபவருக்கும் கொடுப்போம். நம் தெருவில், நம் கடையில், நம் வீட்டில் விட முயன்று விழுந்த ஒருவர் பெயர் இதைப் படிக்கும்போதே தங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். இன்று அவரைத் தனியே சந்தித்து, "அடுத்த தடவை எப்போ ஆரம்பிக்கிறோம்?" என்று கேளுங்கள். "ஆரம்பிக்கிறீங்க" என்று கேட்க வேண்டாம். "ஆரம்பிக்கிறோம்" என்றே கேளுங்கள்.